சவ்வு டாக்டரும் ஒரு சொம்பு வெந்நீரும்

மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் உயிரணுவைப் பற்றிப் பாடம் நடத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் கறவைக்கு நின்ற எருமை பாலை மடிக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். தெருநாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுக்கும். எதிரே சைக்கிளில் வருகிறவர், தூரத்தில் அவருடைய மொபெட்டைப் பார்த்துவிட்டால், பஞ்சரானது போல இறங்கிக் குனிந்து சக்கரத்தை ஆராய ஆரம்பித்துவிடுவார்.

ஊரில் அவருக்குப் பெயர் சவ்வு டாக்டர். அரசாங்கக் காகிதத்தில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். டாக்டர் என்பதும் நாங்களாகக் கொடுத்த பட்டம்தான். அவர் கால்நடை ஆய்வாளர். பருவத்துக்கு வந்த மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் மாட்டைத் தொட்டு ஊசி போடுகிற எவரும் டாக்டர்தான். 'சவ்வு' வந்த காரணம் இரண்டு. ஒன்று, அவர் ஓயாமல் பேசியது செல் என்கிற உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பற்றி. இரண்டாவது, அவர் பேசிய விதம். திருவிழாவில் விற்கிற சவ்வு மிட்டாயை இழுப்பது போல இழுப்பார். எந்தக் காரணத்துக்காக யார் முதலில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று தெரியவில்லை. இரண்டுமே பொருந்தியதால் யாரும் விசாரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கும் வேலை பார்த்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே போனால் வருகிற சின்ன ஊர். சொசைட்டிக்கும் மாட்டாஸ்பத்திரிக் கிளைக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் ஊரில் மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை அனுபவித்ததை நான் தினமும் இரண்டு வேளை அனுபவித்தேன்.

முதல் நாள் காலையில் அவர் சொசைட்டிக்குள் வந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒல்லியாக, உயரமாக, தலையில் ஹெல்மெட்டுடன். அந்த ஹெல்மெட்டை அவர் கழற்றிப் பார்த்தவர்கள் குறைவு. முந்தைய ஊரில் ஒரு மாடு உதைத்ததாம், அதிலிருந்து வேலை நேரத்தில் கழற்றுவதில்லை என்று முடிவாம். மாடு உதைத்தது முழங்காலில். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்ததும் யாரோ, "கொங்கு நாட்டுல 'ங்க' போட்டுப் பேசோணுங்க, இல்லீனா மரியாதை இருக்காது" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் அதை மாடுகளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் நகருங்க", "வாலை அக்கட்டால போடுங்க" என்று அவர் சொல்ல, மாடுகளே ஒருமாதிரி திரும்பிப் பார்க்கும்.

நான் கொழுப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பால் கேனோடு இருபது பேர் வரிசை.

"அம்மணி, பாலுக்குள்ள இத்தனை கொழுப்பு இருக்குதே, ஏனுங்க அது ஒண்ணா ஒட்டிக் கட்டியாகாம தனித்தனியா மிதக்குது?" என்றார்.

தெரியலைங்க சார் என்று சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கொழுப்புத் துளியும் மாட்டின் மடியிலிருந்து வெளியே வரும்போது அங்கிருக்கும் உயிரணுவின் சவ்வைக் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறது என்றார். அந்தப் போர்வை இருக்கிறவரை ஒரு துளி இன்னொரு துளியோடு ஒட்டாது. மத்தைப் போட்டுக் கடைவது எதற்கு? போர்வையைக் கிழிப்பதற்கு. கிழிந்ததும் கொழுப்பெல்லாம் ஒன்று சேர்ந்து வெண்ணெய் ஆகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரைக் கொண்டாடியிருக்கும். அவர் வரிசையில் நின்றவர்களைக் கைப்பிடித்து இழுத்து இரண்டு சாரியாக எதிரெதிரே நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஒரு தலை, இரண்டு கால். சவ்வின் ஒவ்வொரு துணுக்கும் அப்படித்தானாம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், இரண்டு வாலுக்கும் தண்ணீரே ஆகாது. அதனால் தலைகளை வெளிப்பக்கம் வைத்து, வால்களை உள்ளே ஒளித்துக்கொண்டு இரண்டு அடுக்காக நிற்கும்.

"இதைச் சுவருன்னு நெனைச்சுக்காதீங்க. தேரிழுக்கற கூட்டம்னு நெனைங்க. பக்கத்தாளோட உரசிக்கிட்டு அவங்கவங்க நகந்துக்கிட்டே இருப்பாங்க. ஆனா இந்தச் சாரிலருந்து அந்தச் சாரிக்குத் தாவறது மட்டும் லேசுல நடக்காதுங்க."

"என்ற பாலு திரிஞ்சு போகுதுங்க" என்றது வரிசையில் ஒரு குரல்.

பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அன்றைக்குப் பால் வண்டி இருபது நிமிஷம் காத்திருந்தது. அடுத்த நாளிலிருந்து டிரைவர் எங்கள் ஊருக்கு முந்திய ஊரிலேயே ஹாரனை அமுக்க ஆரம்பித்து, எங்கள் ஊர் வரும்வரை கையை எடுக்கவில்லை.

அவருடைய தோள்பையில் எப்போதும் இரண்டு சின்னப் பாட்டில் இருக்கும். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் கடலை எண்ணெய். மார்கழி வந்துவிட்டால் அவருக்குத் தீபாவளி. விடியற்காலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கும், கடலை எண்ணெய் ஓடும். இரண்டையும் ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராகக் கவிழ்த்துக் காட்டுவார். தேங்காய் எண்ணெயின் வால்கள் சோளத்தட்டு மாதிரி நேரானவை, இறுக்கிக் கட்டினால் கட்டாக நின்றுவிடும். கடலை எண்ணெயின் வால்கள் கோணல் விறகு மாதிரி, எப்படிக் கட்டினாலும் நடுவில் சந்து இருக்கும், அதனால் உறையாமல் நெகிழ்ந்து கிடக்கும். சவ்வுக்குள் இரண்டும் கலந்திருப்பதால்தான் அது உடையாமலும் ஒழுகாமலும் இருக்கிறது. "இதுக்கு நடுவுல கொலஸ்ட்ரால்னு ஒருத்தர் நிக்கறாருங்க. ரொம்ப எளகினா இழுத்துப் பிடிப்பாரு. ரொம்ப எறுகினா வெலக்கி விடுவாரு. அவரு இல்லீனா நீங்களும் இல்லை, நானும் இல்லை."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் ரிக்கு முத்துசாமி அவருக்கு எதிரியானார்.

முத்துசாமி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர். ஊருக்குள் ஒரு கோழிப் பண்ணையும் உண்டு. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது, முட்டையைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சொந்தப் பண்ணையில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை உருள, அதைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் கோவைக்காய்ப் பொரியல் சாப்பிட்ட மனிதர். கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் மனிதனே இல்லை என்று அரசாங்க ஆளே சொன்னதும், நேராக வீட்டுக்குப் போய் நான்கு முட்டையை ஆம்லெட் போடச் சொன்னார். இப்படி ஒரு வாரம். அடுத்த சோதனையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட சத்தத்தில் அவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவி சொசைட்டிக்கே வந்துவிட்டார்.

"எங்கூட்டுக்காரரை முட்டை திங்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

"நான் சவ்வைச் சொன்னேனுங்க. ரத்தத்தைச் சொல்லலீங்க. சவ்வுக்கு வேணுங்கற கொலஸ்ட்ராலை ஒடம்பே செஞ்சுக்கும். உக்காருங்க, வெவரமாச் சொல்றேன்" என்று அவர் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். அந்த அம்மா பாட்டிலைப் பார்த்ததும் போய்விட்டார்.

ஆனாலும் முத்துசாமியின் கறவை மாடு பருவத்துக்கு வந்தபோது இவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. சினை ஊசிக்கான விந்து, உறிஞ்சுகுழல் போன்ற மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, புகை கக்குகிற நைட்ரஜன் கேனுக்குள் கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். அதை எடுத்து உருக்கித்தான் போட வேண்டும். பலர் சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்துத் தேய்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நம் ஆளுக்கு வெந்நீர் வேண்டும். உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில், முப்பது செகண்டு.

"கொழந்தைக்குத் தண்ணி வாக்கற சூட்டுல ஒரு சொம்பு வெந்நீர் கொண்டாங்க" என்றார்.

வந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்று. பச்சைத்தண்ணீர் கலந்தார்கள். முப்பத்து மூன்று. மறுபடி வெந்நீர். நாற்பது. முத்துசாமியின் மனைவி ஐந்தாவது தடவை சொம்போடு வந்தபோது, அந்தக் கண்ணில் தெரிந்த சூடு நூறு டிகிரிக்குக் குறையாது.

"மெதுவா எளகினா உள்ள இருக்கற ஐஸு ஊசி ஊசியாத் திரும்பக் கட்டிச் சவ்வைக் குத்திப்போடுங்க. சவ்வு போனா உயிரு போச்சு. செத்த விதையை வெதைச்சு என்னங்க பிரயோசனம்? குளிருலயும் சவ்வு வெடிக்காம இருக்கத்தான் முட்டை மஞ்சக்கருவைக் கலந்து வச்சிருக்கறோம்."

முத்துசாமி நிமிர்ந்தார். "என்னது, முட்டையா?"

"ஆமாங்க. மஞ்சக்கருவுல இருக்கற கொழுப்பு சவ்வுக்குப் போர்வை மாதிரி."

"நான் திங்கப்படாது, என்ற மாடு திங்கலாமா?" என்று கேட்டுவிட்டு முத்துசாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. சவ்வு டாக்டர் மாட்டுக்குக் கோழி முட்டை ஊசி போடுகிறார். கன்றுக்குட்டிக்கு இறகு முளைக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அப்போது புரட்டாசி. விரதம் இருக்கிற வீடுகளில் மாசம் முடியட்டும், அதுவரை ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "மாடு விரதம் இருக்குதுங்களா?" என்று இவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் கேட்கிற இடத்தில் கேட்கவில்லை. முத்துசாமி சங்ககிரியிலிருந்து ஒரு தனியார் ஆளை வரவழைத்தார். அவர் பைக்கை அணைக்காமலே சட்டைப்பையிலிருந்து குச்சியை எடுத்து, இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்து, அதே வேகத்தில் போய்விட்டார். ஊர் கைதட்டாத குறை.

அப்புறம் முத்துசாமி ஒரு மனு எழுதினார். 'மேற்படி ஆய்வாளர் ஒரு மாட்டுக்கு முக்கால் மணி நேரம் இழுத்தடிப்பதால் விவசாயிகள் மிகுந்த சிரமத்துக்கு ஆளாகிறார்கள்' என்று தொடங்கும். முப்பத்தாறு கையெழுத்து. சொசைட்டி மேஜையில் வைத்துத்தான் எழுதினார்கள். என்னையும் போடச் சொன்னார்கள். நான் கையில் பால் சோதிக்கிற ஆசிட் இருப்பதாகச் சொல்லித் தப்பித்தேன். தப்பித்தது நல்ல எண்ணத்தால் இல்லை. பக்கத்துச் சுவர்க்காரரோடு பகை வேண்டாம் என்றுதான்.

அந்தக் கையெழுத்துகளில் செல்லாயியக்காவுடையதும் இல்லை. ஐம்பதைத் தொட்ட வயது, கணவர் இல்லை. ஓர் எருமை, அதன் கன்று, ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு, இவ்வளவுதான் குடும்பம். அந்த ஜெர்சிக்கு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இரண்டு நிமிஷக்காரர் இரண்டு தடவை, அவருக்கு முன் வேறொருவர் ஒரு தடவை. மலட்டு மாட்டுக்குத் தீனி போட முடியாது, வரும் வாரம் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று அக்காவின் அண்ணன் முடிவு செய்துவிட்டார். சந்தையிலிருந்து அந்த மாதிரி மாடு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா மூன்று நாளாகச் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு யாரோடும் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது மாடு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற, வீட்டிலிருக்கும் ஒரே ஆள்.

நான்காம் நாள் சாயங்காலம் ஓடி வந்தார். "அம்மணி, மாடு கத்துதுங்க, பருவத்துக்கு வந்துருச்சு. அந்தச் சவ்வுக்காரரு வருவாருங்களா? கடைசியா ஒருக்கா போட்டுப் பாத்துப்போடலாம்."

அடுத்த நாள் காலைதான் சரியான நேரம் என்றார் சவ்வு டாக்டர். அடுத்த நாள் காலைதான் மனுமேல் விசாரணைக்கு நாமக்கல்லிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. "அவரு காத்திருக்கலாங்க. பருவம் காத்திருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டில் கேனைக் கட்டினார். எனக்கு என்னவோ போலிருந்தது. பால் வண்டி போனதும் சொசைட்டியைப் பூட்டிவிட்டு நானும் போனேன்.

கட்டுத்தறியில் அவர் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்து நின்றது. பளபளக்கும் ஷூவோடு அதிகாரி இறங்கினார். பின்னாலேயே முத்துசாமி.

"நீங்கதானா அது? ஆபீசுல இருக்கச் சொன்னேனே" என்றார் அதிகாரி.

"வணக்கங்க ஐயா. கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க. சாணி."

சொல்லிக்கொண்டே தெர்மாமீட்டரை எடுத்தார். மாடு வாலை ஒரு வீசு வீசியது. தெர்மாமீட்டர் கீழே விழுந்தது. மாடு நிதானமாக ஒரு காலை எடுத்து அதன்மேல் வைத்தது. ஹெல்மெட்டுக்குள் அந்த முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். முத்துசாமி சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அதனால என்ன, கையிலயே தேச்சுப் போட்டு முடிங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"முடியாதுங்க ஐயா."

அவர் அதைச் சொன்ன விதத்தில் இழுவை கொஞ்சமும் இல்லை. இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஆகச் சின்னப் பதில் அதுதான். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார்.

"அக்கா, எருமை இன்னிக்குக் கறந்தாச்சுங்களா?"

"இன்னுமில்லீங்க சாமி, இவளைப் பாத்துக்கிட்டே விட்டுப்போச்சு."

"ஒரு சொம்பு கறங்க. சட்டுன்னு கறங்க. சொம்பைத் துண்டுல சுத்திக்குங்க." அதிகாரியிடம் திரும்பினார். "கறந்த சூடு, ஒடம்புச் சூடுங்க ஐயா. தெர்மாமீட்டர் செஞ்சவனே இதைப் பாத்துத்தான் கோடு போட்டிருக்கோணும்."

அக்கா கறந்தார். நுரை தளும்பியது. சொம்பைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன், அக்கா எருமைக் கன்றைப் பிடித்திருந்தார். முத்துசாமி இரண்டடி பின்னால் போய்விட்டார். மிச்சம் இருந்தது அதிகாரி ஒருவர்தான். சொம்பு அவர் கையில் போனது. கேனைத் திறந்து, புகைக்குள்ளிருந்து இடுக்கியால் குச்சியை எடுத்துப் பாலுக்குள் விட்டார் நம் ஆள்.

"எண்ணுங்க ஐயா, முப்பது வரைக்கும்."

விசாரிக்க வந்த அதிகாரி, சாணிக்கு நடுவில், துண்டு சுற்றிய சொம்பைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினேழில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. பதினெட்டு என்றார், முன்பைவிடச் சத்தமாக. முப்பது வந்ததும் குச்சியைத் துடைத்து, கருவியில் ஏற்றி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று மாட்டிடம் சொல்லி, சவ்வு டாக்டர் வேலையை முடித்தார்.

அந்தச் சொம்புப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அக்கா அதைப் பூனைக்கு வைத்தார்.

விசாரணை சொசைட்டி மேஜையில் நடந்தது. அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? பதிலுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. இரண்டு எண்ணெய்ப் பாட்டிலும் வெளியே வந்தன. நடுவில் அதிகாரி எழுந்து இரண்டு சாரியில் ஒரு சாரியாக நிற்கவும் வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம் மெதுவாக, "வேலை தெரிஞ்ச மனுசன்மா. ஆனா முப்பத்தாறு கையெழுத்து இருக்குதே" என்றார். இரண்டு வாரத்தில் மேட்டூர்ப் பக்கம் மாறுதல் உத்தரவு வந்தது. அவருக்கு வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. நான் மட்டும் டீ வாங்கிக் கொடுத்தேன். கேனைக் கட்டிக்கொண்டு, "இருபத்தோராம் நாள் மாடு கத்துதான்னு பாத்துச் சொல்லுங்க அம்மணி" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தோராம் நாள் மாடு கத்தவில்லை. மூன்றாம் மாதம் புதிதாக வந்த ஆய்வாளர் கையை விட்டுப் பார்த்துச் சினை என்றார். அக்காவின் அண்ணன் சந்தைப் பேச்சை விட்டுவிட்டார். சித்திரை, வைகாசி, ஆனி என்று மாடு வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தது. ஆடி பிறந்த ஒரு வியாழக்கிழமை விடியலில் கிடாரிக் கன்று. உடம்பெல்லாம் செம்பட்டை, நெற்றியில் வெள்ளை. இறகு இருக்கிறதா என்று சிலர் நிஜமாகவே வந்து பார்த்தார்கள். முத்துசாமியும் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். அவருடைய மாடு அதற்குள் சினை நிற்காமல் மூன்றாவது முறையாகக் கத்திக்கொண்டிருந்தது.

நான் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து இறங்கினார். லீவு நாள் என்பதால் ஹெல்மெட் இல்லை. தலை கிட்டத்தட்ட வழுக்கை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கன்றின் வாயைத் திறந்து பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், நான்கு காலையும் தடவினார்.

"நாலு தடவை போட்டு நிக்காததை நீங்க ஒருக்காவுல நிக்க வச்சுப்போட்டீங்க சாமி" என்றார் செல்லாயியக்கா.

"மூணு தடவைங்க. நாலாவது தடவை நின்னது எதனாலன்னு யாருக்குங்க தெரியும்? மாட்டுக்கும் நேரம் கூடி வந்திருக்கும். ஒரு கன்னை வச்சு நான் பெருமை பேசக் கூடாதுங்க."

அக்கா சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "கன்னு பொறந்த அன்னிக்கே சீம்பால் குடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். குடித்தது என்றதும் முகம் தெளிந்தது. நோயை எதிர்க்கிற சத்து சீம்பாலில்தான் இருக்கிறது, அதைக் கன்றின் குடல் முதல் நாள் மட்டும் முழுசாக உள்ளே விடும், அப்புறம் அந்த வழி அடைத்துக்கொள்ளும் என்று சொன்னார். சொன்னவர், ஏதோ ஞாபகம் வந்தது போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஊர் விட்டுப் போகிறவரை யாராலும் அவரை நிறுத்த முடிந்ததில்லை. அந்த மனு அவர் மனதில் எங்கோ உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

செல்லாயியக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, அதெப்புடிங்க மொத நாளு மட்டும் தெறந்திருக்குது? அப்பறம் ஆரு சாத்தறாங்க?"

தெரிந்துகொள்ளும் ஆசையில் யாரும் அதுவரை அவரிடம் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவர் திரும்பிப் போக வேண்டிய பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நானும் உட்கார்ந்தேன்.